முதலையா, அலிகேட்டரா, உடும்பா? தாமிரபரணிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல் பக்கம் எங்கே போனாலும் யாராவது ஒருவர் போனை நீட்டி, "சார், இது என்னன்னு பாருங்க" என்பார். ஆற்றங்கரையில் எடுத்த மங்கலான படமாக இருக்கும், அல்லது வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கும். படித்துறையிலும் டீக்கடையிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அலிகேட்டரும் முதலையும் ஒண்ணுதானே சார்? இங்கிலீஷ்ல ரெண்டு பேரு, அவ்வளவுதானே?

ஒன்றல்ல. பங்காளிகள் என்று சொல்லலாம். ஒரே பெரிய குலம், அதில் மூன்று வீடுகள். முதலைகள் ஒரு வீடு. அலிகேட்டர்களும், தென் அமெரிக்கா, நடு அமெரிக்காவில் வாழும் கைமன்களும் சேர்ந்தது இன்னொரு வீடு. நீண்டு ஒடுங்கிய மூக்குள்ள கரியால் மூன்றாவது வீடு. அலிகேட்டர் வழியும் முதலை வழியும் தனித்தனியே பிரிந்து 8 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டைனோசர்கள் அழிவதற்கு முன்பே பாகம் பிரிந்துவிட்டார்கள். நாயும் நரியும் ஒன்றா என்று கேட்டால் சிரிப்போம் இல்லையா? அந்த இரண்டுக்கும் இருப்பதைவிட இவற்றுக்கு இடையே தூரம் அதிகம்.

நம்ம ஆத்துல அலிகேட்டர் கெடக்குமா?

கிடக்காது. தாமிரபரணியில் மட்டுமல்ல, இந்தியாவின் எந்த ஆற்றிலும் குளத்திலும் அலிகேட்டர் இயற்கையாக வாழவில்லை. உலகத்திலேயே அலிகேட்டர் இரண்டு இனம்தான். ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இருக்கிறது. மற்றது சீனாவில், யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில், அழிவின் விளிம்பில் நிற்கும் சிறிய இனம்.

அப்போ பாத்த உடனே எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

முதலில் கேட்க வேண்டியது, "எந்த ஊரில் பார்த்தது?" என்பதுதான். பாதி விடை அதிலேயே வந்துவிடும். இந்தியாவில் காட்டிலோ ஆற்றிலோ பார்த்தது என்றால் அலிகேட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவின் லூசியானாவில் பார்த்தது என்றால் அது அலிகேட்டர். ஃப்ளோரிடாவின் தென்முனையில் மட்டும்தான் அலிகேட்டரும் முதலையும் ஒரே வட்டாரத்தில் இயற்கையாக வாழ்கின்றன. அங்கேதான் உண்மையில் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.

உற்றுப் பார்க்க வேண்டியது பல்லை. வாய் மூடியிருக்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். அலிகேட்டருக்கு மேல்தாடை அகலம். கீழ்ப்பற்கள் அதற்குள் அடங்கிவிடும். வெளியே தெரிவதெல்லாம் மேல்வரிசைப் பற்களே. முதலைக்கு இரண்டு தாடையும் ஏறக்குறைய ஒரே அகலம், அதனால் மேலும் கீழும் பற்கள் கோத்துக்கொண்டு வெளியே தெரியும். அதிலும் கீழ்த்தாடையின் நான்காவது பல், மேல்தாடையில் உள்ள ஒரு பள்ளத்தில் வந்து உட்கார்ந்து, வாய் மூடிய பிறகும் நன்றாகத் தெரியும். எனக்கு மிகவும் நம்பிக்கையான அடையாளம் இதுதான்.

அடுத்தது நிறம். அமெரிக்க அலிகேட்டர் கறுத்திருக்கும். அதே ஃப்ளோரிடாவில் இருக்கும் அமெரிக்க முதலை சாம்பலும் பச்சையும் கலந்த வெளிறிய நிறம். ஆனால் சேறும் பாசியும் அப்பியிருந்தால் நிறத்தை நம்ப முடியாது.

இன்னொன்று, கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் தெரியக்கூடியது. தோல் செதில்களில் குண்டூசி முனை அளவுக்குச் சின்னப் புள்ளிகள் இருக்கும். தண்ணீரின் அசைவை உணர்கிற உறுப்புகள் அவை. முதலைக்கு உடம்பு முழுக்க உண்டு, அலிகேட்டருக்குத் தாடையைச் சுற்றி மட்டும். உயிரோடு இருக்கும் விலங்கிடம் இதைப் பார்க்கப் போகாதீர்கள்.

மூக்கு அகலமா இருந்தா அலிகேட்டர், கூரா இருந்தா முதலைன்னு படிச்சேனே?

நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கே இந்தக் கேள்விதான் காரணம். அந்த விதி அமெரிக்காக்காரர்கள் அவர்கள் ஊருக்காகச் சொன்னது. அங்கே இருக்கும் முதலைக்கு மூக்கு கூர், அலிகேட்டருக்கு அகலம். அங்கே அது சரியாக வேலை செய்யும்.

நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தால் தலைகீழாகிவிடும். தமிழ்நாட்டு நன்னீரில் வாழும் முதலைக்கு மக்கர் என்று பெயர். சதுப்புநில முதலை என்றும் எழுதுகிறார்கள். முதலை வீட்டாரிலேயே மிக அகன்ற மூக்கு இந்த மக்கருக்குத்தான். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் பாதிப் பேர் அலிகேட்டர் என்றே சொல்வார்கள். அமராவதி அணையில் எடுத்த மக்கர் படத்தின் மேல் "தமிழ்நாட்டில் அலிகேட்டர்!" என்று எழுதி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் பொய் சொல்லவில்லை. படித்த விதியை ஒழுங்காகப் பின்பற்றினார், அந்த விதி இந்த மண்ணுக்கு உரியது இல்லை, அவ்வளவுதான். மூக்கை விடுங்கள், பல்லைப் பாருங்கள். மக்கருக்கும் அந்த நான்காவது பல் வெளியே தெரியும்.

அலிகேட்டருக்குத் தமிழ்ல பேரு என்ன தாத்தா? (எட்டாம் வகுப்புப் பேத்தி)

நம் ஊரில் இல்லாத விலங்குக்கு நம் முன்னோர் பெயர் வைக்கவில்லை. அலிகேட்டர் என்றே சொல்லலாம். அந்தச் சொல்லும் ஸ்பானிஷ்காரர்கள் அதைப் பார்த்து "பல்லி" என்ற பொருளில் சொன்னதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் இருந்தவற்றுக்குப் பெயர் வைப்பதில் நம் ஆட்கள் குறை வைக்கவில்லை. முதலை, இடங்கர், கராம் என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்கிறது சங்கப் பாட்டு. உரைகாரர்கள் மூன்றும் முதலையின் வகைகள் என்றார்கள். எது எந்த இனம் என்று இன்றைய அறிவியலோடு பொருத்திக் காட்டச் சிலர் முயல்வார்கள். பெயரை மட்டும் வைத்து அப்படிப் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று பெயர் வைக்கும் அளவுக்கு உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

மக்கர் என்ற பெயருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. வடமொழி மகரம் இந்தியில் மகர் ஆகி, வெள்ளைக்காரர் வாயில் மக்கர் ஆனது. தென்திருப்பேரைப் பெருமாளுக்கு மகரநெடுங்குழைக்காதர் என்று பெயர். அவர் காதில் தொங்குவதும் அந்த மகரம்தான். கோயில் சிற்பத்து மகரம் யானைத் துதிக்கையும் மீன் உடம்பும் கலந்த கற்பனை உரு. ஆற்றில் கிடப்பது ரத்தமும் சதையும் உள்ள முதலை. பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

அத்தாளநல்லூர்ல யானை காலை முதலை பிடிச்ச கதை இருக்கே, அப்போ தாமிரபரணில முதலை இருந்திருக்கணும்லா?

கஜேந்திர மோட்சம் நடந்த இடம் என்று அந்தக் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. ஆனையைக் காத்த நல்லூர்தான் அத்தாளநல்லூர் ஆனது என்பார்கள். சின்ன வயதில் அந்தப் படித்துறையில் காலை வைக்கவே எனக்குப் பயம். ஆனால் தலபுராணத்தை விலங்குக் கணக்கெடுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பக்திக்காகச் சொல்லப்பட்டது. மக்கர் முதலையின் வழக்கமான இரை மீன், ஆமை, நீர்ப்பறவை, தண்ணீர் குடிக்க வரும் மான், ஆடு, நாய். வளர்ந்த யானை அதன் இலையில் விழுகிற சோறு இல்லை.

தமிழ்நாட்டுல முதலை எங்கெல்லாம் இருக்கு?

திருப்பூர் மாவட்டத்து அமராவதி அணை, திருவண்ணாமலைப் பக்கத்துச் சாத்தனூர் அணை, ஒகேனக்கல் பகுதிக் காவிரி, மாயாறும் பவானிசாகரும், கீழே சிதம்பரத்துப் பக்கம் கொள்ளிடம். கொள்ளிடக் கரைக் கிராமங்களில் வெள்ளம் வடிந்த பிறகு குளம், வாய்க்கால் என்று முதலை ஒதுங்குவது வழக்கமான செய்தி. மனிதர்கள் தாக்கப்பட்டும் இருக்கிறார்கள். நம் பொதிகைக்கு மேற்குச் சரிவில், கேரளத்து நெய்யாறு அணையிலும் முதலைகளை விட்டு, பின்னால் கரையோர மக்களுக்கு அதனால் பெரும் துன்பம் வந்தது.

பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறீர்கள் என்றால், நீர்த்தேக்கத்தில் முதலை இருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடங்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பிள்ளைகள் எந்தத் தண்ணீர் என்று பார்க்காமல் இறங்கிவிடுகிறார்கள். வனத்துறை குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் செல்ஃபி எடுக்கக்கூட இறங்க வேண்டாம்.

வாய்க்கால்ல முதலைக்குட்டி கெடக்குன்னு சொல்றாங்க சார், கொஞ்சம் வாங்க!

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதுதான். போய்ப் பார்த்தால் உடும்பாக இருக்கும்.

ஒரு வருசம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த சமயம். வாய்க்கால் கரையில் முதலைக்குட்டி என்று ஒரு சத்தம். நான் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் கம்பால் அடித்துப் போட்டுவிட்டார்கள். நாலு அடி நீளம் இருந்த உடும்பு. பிளந்த நாக்கு வெளியே கிடந்தது. அடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த வாய்க்காலில்தான் அவர்கள் பிள்ளைகள் குளிக்கிறார்கள், பயந்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து அதன் பின்காலை விரித்து, அங்கே நின்ற பையன்களுக்கு விரல்களை எண்ணிக் காட்டினேன். ஐந்து. முதலைக்குப் பின்காலில் நான்கு விரல்தான், இடையில் சவ்வும் இருக்கும். எண்ணி முடித்ததும் ஒருவன், "அப்போ இது நம்மளை ஒண்ணும் செய்யாதா சார்?" என்றான். செய்யாதுடா என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றையிலிருந்து இதைச் சொல்லாத கூட்டம் இல்லை.

விரலை எண்ணும் அளவுக்குப் பக்கத்தில் போகத் தேவையில்லை. தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்:

நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறதா? உடும்பு. பாம்பு மாதிரிப் பிளந்த நாக்கு அதற்கு. முதலையின் நாக்கு அடிவாயோடு ஒட்டியிருக்கும், வெளியே நீட்டவே முடியாது.

கழுத்து தனியாக, நீளமாகத் தெரிகிறதா? உடும்பு. முதலைக்குத் தலையும் உடம்பும் சேர்ந்தாற்போல் இருக்கும்.

வாலைப் பாருங்கள். முதலையின் வால்மேல் ரம்பப் பல் மாதிரி இரண்டு வரிசை செதில் எழும்பி நின்று, நுனிப் பக்கம் ஒரே வரிசையாகச் சேரும். உடும்பின் வால் சாட்டை மாதிரி வழவழவென்று போகும்.

மரத்தில் ஏறினாலோ, கரைப் பொந்துக்குள் சரசரவென்று புகுந்தாலோ, கறையான் புற்றைக் கிளறினாலோ சந்தேகமே வேண்டாம். உடும்பு நன்றாக நீந்தவும் செய்யும், அதனால் தண்ணீரில் பார்த்தேன் என்பது மட்டும் சாட்சியாகாது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: முட்டையிலிருந்து வந்த முதலைக்குட்டி ஓர் அடி நீளம்தான் இருக்கும், மஞ்சள் கலந்த உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு.

எலியும் நண்டும் பூச்சியும் தின்று வயலுக்கு நன்மை செய்கிற பிராணி உடும்பு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் முதலையோடும் சேர்ந்து அதுவும் இருக்கிறது. அடித்தாலும் கறிக்குப் பிடித்தாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உடும்புக்கறி இடுப்புக்கு நல்லது, உடும்பெண்ணெய் மூட்டுக்கு நல்லது என்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அதில் எந்த மருந்தும் இல்லை.

தண்ணியில தலை மட்டும் தெரிஞ்சுது, முங்கிட்டுது. அது?

தாமிரபரணியில் என்றால் முதலில் நீர்நாயை நினையுங்கள். கூட்டமாக வரும், முங்கி முங்கி எழும், ஒன்றையொன்று கூப்பிட்டுக் கத்தும். முதலை சத்தமில்லாமல் அசையாமல் கிடக்கும். கண்ணும் மூக்குத் துளையும் தலையின் மேல்பக்கத்திலேயே இருப்பதால் நீர்மட்டத்தில் இரண்டு மேடு மட்டும் தெரியும். வெள்ளத்தில் வரும் பனந்தடியும் பலரை ஏமாற்றியிருக்கிறது. தடி நீரோட்டத்தோடு போகும், முதலை எதிர்த்தும் நிற்கும்.

புன்னைக்காயல் முகத்துவாரத்துல உப்புத்தண்ணி முதலை வருமா தம்பி?

உவர்நீர் முதலை இந்தியாவில் இருப்பது ஒடிசாவின் பிதர்கனிகா, வங்காளத்துச் சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார். நம் கடற்கரையில் இல்லை. பிடரியில் பெரிய செதில் வரிசை மக்கருக்கு உண்டு, இதற்கு இல்லை அல்லது மிகச் சிறியது. கண்ணிலிருந்து மூக்கு நோக்கி இரண்டு மேட்டுக்கோடு ஓடும். உப்பை வெளியேற்றும் சுரப்பி முதலைகளின் நாக்கில் இருப்பதால் உவர்நீரில் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. அலிகேட்டருக்கு அப்படி வேலை செய்யும் சுரப்பி இல்லை. அது நன்னீரையே நாடும்.

வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கே, கோவமா?

இல்லை. வெயில் காயும்போது தலைச்சூட்டைத் தணிக்கிறது. அலிகேட்டரும் முதலையும் இதில் ஒன்றுதான்.

ரெண்டும் முட்டையிடுறதுல வித்தியாசம் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. அலிகேட்டர் இலைதழையைக் குவித்து மேடு கட்டி அதற்குள் முட்டையிடும். எருக்குழி சூடாவது மாதிரி மக்கும் தழையின் சூட்டில் முட்டை பொரியும். நம் மக்கர் மாசி, பங்குனி வாக்கில் மணல்கரையில் குழி தோண்டி இருபத்தைந்து முப்பது முட்டை இட்டு மூடும். இரண்டு மாதம் போல் மண்சூட்டிலேயே பொரியும். இரண்டிலும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அந்தச் சூடுதான். குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். தாய் வந்து குழியைத் தோண்டி, அறுபதுக்கு மேல் பல் உள்ள அந்த வாயால், ஒரு கீறல் படாமல் குஞ்சுகளைக் கவ்வித் தண்ணீரில் கொண்டு விடும். "மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா" என்பார்கள். குஞ்சைக் கவ்வினால் பத்திரமாக விட்டுவிடும்.

ஆற்று மணலை அள்ளினால் இந்தக் குழிக்கு இடமில்லாமல் போகும். மணல் லாரிகள் ஓடிய ஆறுகளைப் பார்த்தவர்கள் நாம், விளக்கத் தேவையில்லை.

மகன் ஃப்ளோரிடாவில் வேலையா இருக்கான் அண்ணாச்சி. வீட்டுக்குப் பின்னால குளத்துல ஒண்ணு கெடக்காம். முதலையா, அலிகேட்டரா?

நன்னீர்க் குளம் என்றால் அநேகமாக அலிகேட்டர்தான். அந்த மாநிலத்தில் அவை சுமார் 13 லட்சம் இருப்பதாக அரசு மதிப்பிடுகிறது; வளர்ந்த முதலைகள் 2,000 அளவில்தான், அவையும் தெற்குக் கடலோர உவர்நீரில். அலிகேட்டர் குளிர் தாங்கும். வட கரோலினாவில் குளம் உறையும்போது மூக்கை மட்டும் பனிக்கட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும். முதலைக்கு அந்தக் குளிர் ஆகாது.

1967-இல் அழியும் இனம் என்று பட்டியலிடப்பட்டு, காப்பாற்றப்பட்டு, 1987-இல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்த விலங்கு அலிகேட்டர். நம் நாட்டிலும் 1975-இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கித்தான் மக்கர், உவர்நீர் முதலை, கரியால் என்ற மூன்று இனமும் பிழைத்தன. கூடங்குளத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி: ஃப்ளோரிடாவின் டர்க்கி பாயிண்ட் அணுமின் நிலையத்துக் குளிர்விப்புக் கால்வாய்க் கரைகளில்தான் அமெரிக்க முதலைகள் பல கூடு வைக்கின்றன.

மகனிடம் சொல்லுங்கள்: தீனி போடக் கூடாது, அங்கே அது குற்றம். தீனி போட்டால் மனிதனைக் கண்டு ஒதுங்குவதை மறந்துவிடும். பேரப்பிள்ளையையும் நாய்க்குட்டியையும் தண்ணீர் ஓரம் விட வேண்டாம், முக்கியமாக இருட்டும் நேரத்தில்.

தொரத்தினா வளைஞ்சு வளைஞ்சு ஓடணுமாமே?

வேண்டாம், நேராக ஓடுங்கள். முதலை நிலத்தில் நெடுந்தூரம் துரத்தாது. ஆபத்து தண்ணீர் விளிம்பில் அசையாமல் நிற்பவருக்குத்தான்: துணி துவைப்பவர், குடத்தில் மொள்பவர், தூண்டில் போடுபவர்.

நெசமாவே முதலையைப் பாத்துட்டா?

எல்லோரையும், முதலில் பிள்ளைகளை, தண்ணீரை விட்டு மேலே ஏற்றுங்கள். ஆடு மாட்டையும் கரையேற்றி ஓட்டிவிடுங்கள். கல்லெறிய வேண்டாம். கரையில் நின்றபடியே பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். தலையும் வாலும் தெரிந்தால் போதும். பிறகு வனச்சரக அலுவலகத்துக்கோ, 101-இல் தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அது தப்பிப் போக வழி விட்டு நில்லுங்கள்.

பிள்ளைகளுக்கு நேர்ல காட்டணும், எங்க போகலாம்?

அமராவதி அணைக்குப் பக்கத்தில் முதலைப் பண்ணை இருக்கிறது, மக்கரை அங்கே பார்க்கலாம். சென்னைப் பக்கம் போனால் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976-இல் தொடங்கியது. வெளிநாட்டு இனங்களும் அங்கே உண்டு. கொக்குகள் கூடு கட்டும் காலத்தில் அங்குள்ள மக்கர்கள் மூக்கின்மேல் சுள்ளியைத் தாங்கிக்கொண்டு மிதப்பதையும், சுள்ளி பொறுக்க வரும் பறவைமேல் பாய்வதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காலையில் போங்கள், வெயில் காயக் கரையில் கிடக்கும். பெயர்ப் பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு, வாய் மூடியிருக்கும் ஒன்றைப் பக்கவாட்டில் பார்த்துப் பிள்ளைகளையே பல்லைத் தேடச் சொல்லுங்கள்.